பாஸ்புக்கில் எட்டு லட்சம்: ஒரு முதல் வீட்டின் கைப்பணக் கணக்கு

கணவருக்குத் திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் வேலை. மாதம் 32,000 ரூபாய். கடையில் இருபது பேர்கூடக் கிடையாது, அதனால் பிஎஃப் (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பிடித்தமும் கிடையாது. மனைவி பாளையங்கோட்டையில் தனியார் பள்ளி ஆசிரியை. 18,000 ரூபாய், அவருக்கு பிஎஃப் உண்டு. பெருமாள்புரத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. அம்பாசமுத்திரம் பக்கம் பூர்வீக வீடு ஒன்று இருக்கிறது. அதில் பங்காளிகள் நாலு பேர், பாகப்பிரிவினை இப்போதைக்கு நடக்கிற மாதிரி தெரியவில்லை. ஆக, சொந்தமென்று இவர்கள் வாங்கப்போவது இதுதான் முதல் வீடு.

சின்னக் கடைகளுக்கு வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். அந்த வழியில்தான் இந்தக் கணக்கும் என் மேசைக்கு வந்தது: வீட்டுக்கென்று பிபிஎஃப்பில் (பொது வருங்கால வைப்பு நிதி, 15 வருட அரசு சேமிப்புத் திட்டம்) சேர்த்த பணத்தில் எவ்வளவு கைக்கு வரும் என்பது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் கடையும் பள்ளியும் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

2025 தை மாதம் கேடிசி நகரில் ஒரு பழைய தனி வீடு அமைந்தது. இரண்டரை சென்ட் இடம், 750 சதுர அடிக் கட்டடம். மனைக்கு அங்கீகாரம் இருந்தது, பட்டா சரியாக இருந்தது, வில்லங்கச் சான்றில் வம்பு ஒன்றும் இல்லை. பேசி முடித்த விலை 30 லட்சம். ஜனவரி 20ஆம் தேதி அக்ரிமெண்ட் போட்டு 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார்கள். மூன்று மாதக் கெடு. அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்டார் விற்பவர். வீடு, மனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற சட்டம் 2015இல் இருந்தே இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும், அதுவும் வாங்கியவர் தலையில். இதைச் சொன்னதும் அவரே காசோலைக்கு ஒத்துக்கொண்டார்.

தேவை எவ்வளவு

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு இது: 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம், 30இலிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75. நம் ஊர் புரோக்கர்கள் இந்த 90ஐ மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அது உச்சவரம்பு. கட்டடத்தின் வயது, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் விலை, வாங்குபவரின் சம்பளம் எல்லாம் பார்த்துத்தான் வங்கி தன் தொகையைச் சொல்லும். இங்கே மதிப்பீட்டாளர் வீட்டுக்கு 28 லட்சம்தான் போட்டார். இருவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்து வங்கி 22 லட்சம் தருவதாகச் சொன்னது. இருபது வருடம், ஒன்பது சதவீதத்தை ஒட்டிய வட்டி, மாதத் தவணை 19,800 ரூபாய் அளவில். 50,000 ரூபாய் வரும் குடும்பத்துக்கு இது தாங்கும்.

அப்படியானால் வீட்டு விலையில் கையிலிருந்து போட வேண்டியது 8 லட்சம். பலருடைய கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. முப்பது லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். இது கடனில் வராது. வீட்டு மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்க 10 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்குத்தான் ரிசர்வ் வங்கி இடம் கொடுக்கிறது. அப்புறம் வங்கிக்கு மூலப் பத்திரத்தை ஒப்படைப்பதற்கு எழுதும் பத்திரம், வக்கீல் கருத்து, மதிப்பீடு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 30,000. புரோக்கருக்கும் பத்திரம் எழுதுபவருக்கும் இன்னொரு 30,000. ஆக 11,30,000 ரூபாய்.

மார்ச் 14ஆம் தேதி தமிழக பட்ஜெட்டில், பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று அறிவித்தார்கள். அன்று சாயங்காலமே கணவரிடமிருந்து போன் வந்தது: "அண்ணாச்சி, அவ பேருக்கே போட்டுட்டா முப்பதாயிரம் மிச்சம்லா?" அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துக்குத்தான். 30 லட்சம் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. இருவர் பெயரிலும் சேர்த்துப் பதிவதென்று முன்பு முடிவு செய்ததையே வைத்துக்கொண்டார்கள்.

வருவதாக நினைத்தது

கணவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கொடுத்த அட்வான்ஸ் 2 லட்சம். அஞ்சலக ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) 2.17 லட்சம். மனைவியின் பிஎஃப் 2.20 லட்சம். பிபிஎஃப் கணக்கிலிருந்து 4.08 லட்சம். கூட்டினால் 10.45 லட்சம். மிச்சம் 85,000 ரூபாயைக் கடை முதலாளி வட்டியில்லாமல் தருவதாகச் சொல்லியிருந்தார், சம்பளத்தில் கழித்துக்கொள்வதாக.

பார்க்க நல்ல கணக்கு. ஆர்டி வரியில் குறையே இல்லை. 2020 ஜனவரியில் மாதம் 3,000 ரூபாய் என்று ஆரம்பித்தது, அன்றைக்கு வட்டி 7.2 சதவீதம், ஆரம்பித்தபோது இருந்த வட்டி ஐந்து வருடமும் மாறாது. தெருவுக்கு வரும் சிறுசேமிப்பு முகவர் அக்கா மாதாமாதம் வீட்டுக்கே வந்து பணம் வாங்கி அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருக்கான 4 சதவீதக் கமிஷனை அரசு கொடுக்கிறது, நமக்குச் செலவில்லை. 2025 ஜனவரியில் முதிர்ந்து பணம் கைக்கு வந்துவிட்டது.

சிக்கல் பிபிஎஃப் வரியில். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாஸ்புக்குல எட்டு லட்சத்துப் பதினேழாயிரம் கிடக்கு அண்ணாச்சி. அஞ்சு வருசம் தாண்டிட்டு. பாதிய எடுத்தா நாலு லட்சம் ஆச்சு, மிச்சத்தப் பாத்துக்கிடலாம்லா?"

அஞ்சு வருடம் ஆனால் பாதி எடுக்கலாம். கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஆனால் எதில் பாதி என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

எதில் பாதி

பிபிஎஃப் 1968இல் வந்த திட்டம்; இப்போது நடப்பது 2019ஆம் ஆண்டு விதிகள். ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 வருடம். இடையில் எடுப்பதற்கு, தொடங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடம் கழிய வேண்டும். இவர் கணக்கு 2017 ஜூலையில் தொடங்கியது. அந்த நிதியாண்டு 2018 மார்ச்சில் முடிகிறது, அதிலிருந்து ஐந்து வருடம் என்றால் 2023 ஏப்ரல் முதல் எடுக்கலாம். இதுவரை அவர் சொன்னது சரி.

எவ்வளவு எடுக்கலாம்? எடுக்கும் நிதியாண்டுக்கு முந்தைய நான்காவது நிதியாண்டின் கடைசியில் இருந்த இருப்பு ஒன்று. போன நிதியாண்டின் கடைசியில் இருந்த இருப்பு இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதில் பாதி. ஒழுங்காகப் பணம் போட்டு வருபவருக்குப் பழைய இருப்புதான் எப்போதும் குறைவாக இருக்கும். ஆக, இன்றைய பாஸ்புக் இருப்புக்கும் எடுக்கக்கூடிய தொகைக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது.

இவர் விஷயத்தில் அது ஏன் இவ்வளவு அடித்தது என்பதற்கு, அவர் பணம் போட்ட வரலாற்றைப் பார்க்க வேண்டும். முதல் நாலு வருடம் மாதம் 3,000 ரூபாய்தான். 2021 மார்ச் 31இல் இருப்பு 1,55,704 ரூபாய். அப்புறம் மனைவிக்குச் சம்பளம் கூடியது, வீட்டு ஆசையும் வந்தது. 2021 ஏப்ரலிலிருந்து மாதம் 12,500, அதாவது வருடத்துக்கு முழு ஒன்றரை லட்சம். 2022 மார்ச்சில் 3,22,528. 2023 மார்ச்சில் 5,01,196. 2024 மார்ச்சில் 6,92,550. அதற்கு மேல் பத்து மாதத் தவணை சேர்ந்து 2025 ஜனவரியில் 8,17,550. ஓட்டமாகத்தான் ஏறியிருக்கிறது. ஆனால் ஏறியதெல்லாம் கடைசி நாலு வருடத்தில்.

2024-25 நிதியாண்டில் எடுக்க வேண்டுமானால் பார்க்க வேண்டியது 2021 மார்ச் 31 இருப்பை. 1,55,704இல் பாதி, 77,852 ரூபாய். நாலு லட்சத்து எட்டாயிரம் என்று எழுதியிருந்த இடத்தில் இதுதான் வந்தது.

மனைவிக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப நாலு வருசமா வாயக் கட்டி வயித்தக் கட்டிப் போட்டது எங்க போச்சு அண்ணாச்சி?" எங்கேயும் போகவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது, வட்டியும் ஏறுகிறது, நீதிமன்றம்கூட கடனுக்காக அதை ஜப்தி செய்ய முடியாது. இன்றைக்கு எடுக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்லி யாரைச் சமாதானப்படுத்த முடியும்?

மாற்று வழி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கணக்கையே மூடிவிடலாம் என்றார் ஒருவர். ஐந்து வருடம் கழிந்த பின் முன்கூட்டியே மூட விதி உண்டு. கடுமையான நோய், உயர்கல்வி, வெளிநாட்டுக் குடியிருப்பு நிலைக்கு மாறுவது, இந்தக் காரணங்களுக்கு மட்டும், அதுவும் வட்டியில் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டு. வீடு வாங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. கணக்கின் பேரில் கடன் வாங்கலாம் என்றார் இன்னொருவர். அந்த வசதி மூன்றாவது நிதியாண்டிலிருந்து ஆறாவது வரைதான். இவருக்கு 2023 மார்ச்சோடு அந்தக் கதவு சாத்தியாயிற்று. வங்கியில் அடமானம் வைக்கலாம் என்றால் தேசிய சேமிப்புப் பத்திரத்தை வைக்கலாம், பிபிஎஃப் கணக்கை வைக்க முடியாது.

பங்குனி கொடுத்த ஒன்றரை லட்சம்

வங்கி வேலை வேகமாக நடந்தது. மார்ச் மூன்றாம் வாரத்திலேயே பத்திரம் பதிந்துவிடலாம் என்றார் விற்பவர், அவருக்கும் அவசரம். கணவரின் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். பங்குனியில் புது வீட்டுக் காரியம் எதுவும் செய்யக் கூடாது, சித்திரை பிறக்கட்டும். மகனுக்கு எரிச்சல். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

காரணம் இது. பிபிஎஃப்பில் ஒரு நிதியாண்டுக்கு ஒருமுறைதான் எடுக்கலாம். நிதியாண்டு மாறிவிட்டால் இன்னொரு முறை எடுக்கலாம், அதற்கு வேறு அடிப்படை இருப்பு. மார்ச்சில் ஒருமுறை எடுத்தால் 2021 மார்ச் இருப்பில் பாதி. ஏப்ரலில் மறுபடி எடுத்தால் 2022 மார்ச் இருப்பான 3,22,528இல் பாதி, 1,61,264 ரூபாய். சித்திரையில் பத்திரம் என்றால் இரண்டும் நம் கைக்கு வந்துவிடுகிறது. மொத்தம் 2,39,116. பங்குனியிலேயே பதிந்திருந்தால் இந்த இரண்டாவது தொகை பத்திரத்துக்கு உதவியிருக்காது. அம்மாவிடம் இந்தக் கணக்கை யாரும் விளக்கவில்லை; அவர் சொன்னது நடந்தது, அவருக்கு அது போதும்.

மார்ச் கடைசி வாரம் அஞ்சலகத்தில் முதல் படிவம். பிபிஎஃப்பில் கடனுக்கும் இடையெடுப்புக்கும் ஒரே படிவம், படிவம் 2. பாஸ்புக்கோடு கொடுக்க வேண்டும். கவுன்டரில் இருந்த பெண் ஊழியர் கணினியில் பார்த்து, நாம் போட்ட அதே 77,852ஐச் சொன்னார். அவரே, "சார், இன்னும் பத்து நாள் பொறுத்தா இதவிட ரெண்டு மடங்கு எடுக்கலாமே" என்றும் சொன்னார். இரண்டு தடவையும் எடுக்கப்போகிறோம் என்றதும் சிரித்துவிட்டார். பணம் கட்டுக்கட்டாகக் கையில் வராது, சேமிப்புக் கணக்குக்குப் போகும். அங்கிருந்து வங்கிக்கு மாற்ற ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். பத்திர நாளன்று காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் திண்டாட்டம்தான்.

வட்டி பற்றி ஒரு சின்ன விஷயம். பிபிஎஃப்பில் மாதத்தின் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. மார்ச் 27இல் எடுத்தால் எடுத்த தொகைக்கு மார்ச் மாத வட்டி முழுதும் போகும். 77,852க்கு அது 460 ரூபாய். அதற்காகத் தேதியை மாற்றலாமா என்று அவர் கேட்டார். கணக்கெழுதுபவர் அல்லவா, கேட்கத்தான் செய்வார். 30 லட்சம் ரூபாய்க் காரியத்தில் 460 ரூபாயைப் பார்க்க வேண்டாம் என்றேன்.

பிஎஃப்பும் இனிஷியலும்

மனைவியின் பிஎஃப்பில் வேறு மாதிரிச் சிக்கல். விதிப்படி வீடு வாங்க முன்பணம் எடுக்க அப்போது ஐந்து வருட உறுப்பினர் காலம் வேண்டும். அவர் 2018 ஜூனில் சேர்ந்தவர். 36 மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது தன் பங்கும் நிர்வாகத்தின் பங்கும் வட்டியோடு, அல்லது வீட்டின் விலை, இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். அவருக்கு இரு பங்கும் சேர்ந்த 2.20 லட்சமே குறைவு, ஆகவே அது முழுதும். வீடு உறுப்பினர் பெயரிலோ, கணவன் மனைவி பெயரிலோ, கூட்டாகவோ இருக்கலாம்.

நிர்வாகம் போடும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதிய நிதிக்குப் போய்விடுகிறது, 3.67தான் பிஎஃப்பில் சேர்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓய்வூதியப் பங்கை வீட்டுக்காக எடுக்க முடியாது. பாஸ்புக்கில் மூன்று பத்தியையும் கூட்டி, கூடுதலாக எதிர்பார்த்து ஏமாறுபவர்களை நிறையப் பார்க்கிறேன். இவர் அப்படிக் கூட்டவில்லை.

சிக்கல் பெயரில் வந்தது. பிஎஃப் பதிவில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் மாற்றியபோது கணவர் இனிஷியல். நம் ஊரில் பாதிப் பெண்களுக்கு இந்தக் கதை உண்டு. இரண்டும் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் ஏறவில்லை. முன்பெல்லாம் இதற்குப் பள்ளி நிர்வாகம் ஒப்புதல் கொடுத்து, அது பிஎஃப் அலுவலகம் போய்த் திரும்பி வர வேண்டும். நிர்வாகிக்குக் கையெழுத்துப் போட நேரம் கிடைத்தால் யோகம். நல்ல வேளையாக 2025 ஜனவரியில் விதியைத் தளர்த்தினார்கள். 2017 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு ஆதாரோடு சரிபார்த்துக் கொடுக்கப்பட்ட பிஎஃப் எண் என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை உறுப்பினரே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். இவருடைய எண் 2018இல் கொடுக்கப்பட்டது. திருத்தினார், விண்ணப்பித்தார், பணம் வந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் ஆனதால் வரிப் பிடித்தம் இல்லை.

இந்த விதிகள் அப்புறம் நகர்ந்துவிட்டன. 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு, இடையெடுப்புக் காரணங்களை மூன்று வகையாகச் சுருக்கி, குறைந்தபட்சக் காலத்தை 12 மாதமாக்கி, கால் பங்கைக் கணக்கில் விட்டுவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. இனி எடுப்பவர்கள், விண்ணப்பிக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பற்றாக்குறை

அட்வான்ஸ் 2 லட்சம், ஆர்டி 2.17, பிஎஃப் 2.20, பிபிஎஃப் இரண்டு தடவையும் சேர்த்து 2.39. மொத்தம் 8.76 லட்சம். தேவை 11.30. முதலாளி தரும் 85,000 போக இன்னும் 1.69 லட்சம் இடிக்கிறது.

தனிநபர் கடன் வாங்கலாம் என்று வங்கியிலேயே ஒருவர் யோசனை சொன்னார். வட்டியும் அதிகம், வீட்டுக் கடன் தகுதியையும் அது கடிக்கும். நகைக் கடன் போதும் என்பது என் பக்கம். ஏப்ரலில் பவுன் 70,000 ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாலு பவுன் வளையலை வைத்து 1,70,000 வாங்கினார்கள், வருட வட்டி ஒன்பது சதவீதத்தை ஒட்டி. ஒரு வருடத்துக்கு 15,300 ரூபாய் அளவில் வட்டி. இதைப் பெரிய நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். எடுக்க முடியாமல் பிபிஎஃப்பில் நிற்கும் பணத்துக்கு 7.1 சதவீதம் வரியில்லா வட்டி வந்துகொண்டுதானே இருக்கிறது. வித்தியாசம் இரண்டு சதவீதம்தான். வலித்தது பணத்தைவிட வளையல் என்று மனைவி சொன்னார். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

சித்திரை பிறந்த அதே வாரத்தில் பத்திரம் பதிந்தார்கள். நல்ல நாள் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க இடமில்லை.

எங்கே பிசகியது

2021 ஏப்ரலில் 3,000த்தை 12,500 ஆக்கிய இடத்தில்தான் எல்லாம் தீர்மானமானது. ஏன் ஆக்கினீர்கள் என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, வரி மிச்சமாகும் என்று கடைக்கு வரும் ஒருவர் சொன்னாராம். அந்தச் சம்பளத்துக்கு அவர் வரியே கட்டுவதில்லை. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு பிபிஎஃப்பில் போடும் பணத்துக்குக் கழிவே கிடையாது என்பது தனி.

இரண்டாவது காரணம் சுவாரசியமானது. மனைவியின் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே முதல் வீடு வாங்குபவர்களுக்கென்றே லைஃப்டைம் ஐசா என்று ஒரு கணக்கு 2017 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. 18 வயதிலிருந்து 39 வயதுக்குள் தொடங்க வேண்டும். வருடம் 4,000 பவுண்டு வரை போட்டால் அரசு அதன்மேல் 25 சதவீதம், அதாவது 1,000 பவுண்டு வரை சேர்த்துத் தருகிறது. கணக்குக்கு ஒரு வயதாகியிருக்க வேண்டும், வீடு 4,50,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, கடன் வைத்து வாங்க வேண்டும். பணம் நேராக வக்கீல் வழியாகப் போகும். வேறு எதற்காவது இடையில் எடுத்தால் மொத்தத்தில் 25 சதவீதம் பிடித்தம். 4,000 போட்டு 5,000 ஆனதில் 1,250 போய், 3,750தான் மிஞ்சும், போட்டதிலேயே 250 குறைவு. சித்தி மகள் போனில் சொன்னதைக் கேட்டு, அரசாங்கக் கணக்கு என்றால் வீட்டுக்குக் கைகொடுக்கும் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது வீட்டுக்காகவே செய்த கணக்கு. பிபிஎஃப் முதுமைக்காகச் செய்தது. வீட்டுக்கு அதில் தனி வாசல் கிடையாது, பொதுவான இடையெடுப்பு மட்டும்தான்.

பிபிஎஃப்பே போட்டிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழையபடி 3,000 அங்கேயே போய்க்கொண்டிருக்கட்டும். கூடுதலான 9,500ஐ வங்கியில் ஒரு வருட ஆர்டியாகப் போட்டுப் புதுப்பித்து வந்திருந்தால், ஆறு சதவீத வட்டி என்று வைத்தாலும் 2025 ஜனவரிக்குள் 4.85 லட்சம் அளவில் சேர்ந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பிபிஎஃப்பிலிருந்து மார்ச்சில் அதே 77,852, ஏப்ரலில் ஒரு லட்சத்துச் சொச்சம். எல்லாம் சேர்த்து 6.65 லட்சத்துக்குக் குறையாது. உண்மையில் கிடைத்ததோ 2.39. வளையலும் வேண்டாம், முதலாளியின் 85,000மும் வேண்டாம், வெள்ளையடிக்கவும் கிணற்று மோட்டார் மாற்றவும்கூடப் பணம் மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கென்று பிபிஎஃப்பில் சேர்ப்பவர் பார்க்க வேண்டிய கேள்வி, பத்திரம் போட நினைக்கும் வருடத்துக்கு நாலு மார்ச்சுக்கு முன்னால் கணக்கில் என்ன இருக்கும் என்பதுதான். அதில் பாதிதான் உங்கள் பணம். அதற்குப் பிறகு போடுகிற ஒவ்வொரு ரூபாயும் வீட்டுக்கு உதவாது, அது வேறு எதற்கோ. பெற்றோர் யாருக்காவது 15 வருடம் முடிந்து, புதிதாகப் பணம் போடாமல் நீட்டித்த கணக்கு இருந்தால் நிலைமை வேறு: அதில் வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்பா மகனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு மகனிடம் வருமான வரியும் கிடையாது. இந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை.

மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. வருட வருமானம் 9 லட்சத்துக்குள், வீடு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்பத்துக்கு நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருடத் தவணையாகக் கடன் கணக்கில் சேரும். விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது கைப்பணத்துக்கு உதவும் பணம் அல்ல. கடன் வாங்கிய பிறகு வருவது. அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

இப்போது பிபிஎஃப் கணக்குக்கு வருடம் 500 ரூபாய் மட்டும் போட்டு உயிரோடு வைத்திருக்கிறார்கள். வருகிற 2026 ஏப்ரலில் அடிப்படை 2023 மார்ச் இருப்பு. 5,01,196இல் பாதி, 2,50,598 ரூபாய் எடுக்கலாம். நகைக் கடனை வட்டியோடு தீர்த்து, முதலாளி பாக்கியையும் முடித்துவிடலாம். அதன் பிறகும் கணக்கில் நாலு லட்சத்துக்கு மேல் நிற்கும், முதிர்வு 2033 ஏப்ரலில். அடுத்தடுத்த வருடமும் பாதி பாதியாக எடுத்து வீட்டுக் கடனில் கட்டிவிடலாம் என்கிறார் அவர். அது மகள் படிப்புக்கு வேண்டும், தொடக் கூடாது என்கிறார் மனைவி. வட்டிக் கணக்குப்படி பார்த்தால் கணவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் மனைவி பக்கம்தான் பேசினேன். வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டிய பணத்தை, அவசரம் என்று வந்தால் திரும்பக் கேட்க முடியாது. தீர்மானம் இன்னும் ஆகவில்லை, ஏப்ரலுக்கு நாள் இருக்கிறது.